எண்ணெய் சூடாகும் வரை

சாவியைத் திருப்பியதும்
சுழற்சிமானியின் விளிம்பில்
ஆரஞ்சு விளக்குகள் வரிசையாய் எரிகின்றன.
நாலாயிரத்துக்கு மேல் போகாதே என்று அர்த்தம்.
எண்ணெய் சூடேறச் சூடேற
ஒவ்வொன்றாய் அணையும்.

ஆஸ்ட்ராவா. ஏப்ரல். காலை ஐந்து பத்து.
சாலையின் உப்பை மழை கழுவிவிட்டது.
ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர், நானூறு குதிரை;
முப்பதில் உருட்டிக்கொண்டு போகிறேன்
ஒரு ரொட்டிக் கடை வேனுக்குப் பின்னால்.

பார்த்தால் குடும்பக் கார்தான்.
நாலு கதவு, மழைமேகச் சாம்பல்,
பின்னிருக்கையில் யோலானாவின் ஹாக்கி மட்டை.
குனிந்து புகைக்குழாய்களை எண்ணுகிறவனுக்கு மட்டும்
விஷயம் தெரியும்.
எண்ணி முடித்து நிமிர்ந்ததும் கேட்பான்:
"உங்க வீட்டுக்காரருடையதா?"

வீட்டுக்காரர் போகும்போது
பியானோவைக் கொண்டுபோனார்.
அது இருந்த மூலையில் இப்போது
குளிர்காலம் முழுக்க
நாலு கோடை டயர்கள் தூங்குகின்றன.

எனக்கு வேலை மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடம்.
பன்னிரண்டு வருஷமாய்
முகம் பார்க்காதவர்களின் ரத்தத்தில்
எண்களைத் தேடுகிறேன்.
போன அக்டோபரில்
இவளுடைய எண்ணெயைச் சின்னச் சீசாவில் பிடித்து
ப்ர்னோவுக்கு அனுப்பினேன்.
நோயாளி பெயர் வரும் இடத்தில்
வண்டியின் பதிவு எண்.
ஈயம் முப்பத்தொன்று. செம்பு பத்தொன்பது.
அடைப்புக்குள் ஒரு வரி: கவனிக்கவும்.

அந்த வார்த்தையை
எத்தனை பேருக்கு நானே தட்டச்சு செய்திருக்கிறேன்.

ஃபில்டரை அறுத்து
மடிப்பு மடிப்பாய்ப் பிரித்து
டார்ச் அடித்தேன்.
ஜிகினா.
எந்தப் பண்டிகைக்கும் இல்லாத ஜிகினா.

வ்லாஸ்டிமில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்,
"சத்தம் வருவதற்குள்
எவன் தலையிலாவது கட்டிவிடு."
பொய் சொல்ல மாட்டேன், விளம்பரம் எழுதினேன்.
இரண்டு நாள் எழுதினேன்.
"நன்கு பராமரிக்கப்பட்டது" என்ற இடத்தில்
விரல் ஓடவில்லை.

டிசம்பரில் அவன் பட்டறையை வாரக் கடைசிகளுக்கு வாங்கிக்கொண்டோம்.
மண்ணெண்ணெய் ஹீட்டர், தெர்மாஸில் தேநீர்,
முகத்தில் சொட்டும் பழைய கறுப்பு.
"எல்லார் வீட்டிலும் க்ரோயேஷியாவுக்குப் போறாங்க,
நாம காருக்கு அடியில போறோம்"
என்றாள் யோலானா, விளக்கைப் பிடித்தபடி.
அந்த வருஷத்துக் கடல் மொத்தமும்
பதினாறு உலோகப் பிறைகளாகி
ஒரு தீப்பெட்டியளவு அட்டைப்பெட்டியில் வந்திறங்கியது.

கழற்றிய பிறைகளைச் செய்தித்தாளில் அடுக்கினோம்.
ஏழில் ஈயம் தேய்ந்து செம்பு தெரிந்தது.
ஆறாவது சிலிண்டருடையதில் நகம் மாட்டியது.
இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கும்?
ஆயிரமா? ஐம்பதாயிரமா?
வ்லாஸ்டிமில் தோளைக் குலுக்கினான்.
கேட்காமலேயே போய்விட்ட ஒரு சத்தத்துக்கு
இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறேன்.

புதியதைப் பொருத்தும் முன்
மயிரிழை மெழுகை இடையில் வைத்து இறுக்கி
மறுபடி திறந்து
நசுங்கிய அகலத்தை அளக்க வேண்டும்.
என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.
அவள் படித்தாள், பதினாறு வயதுக் கண்ணால்.
நான் எழுதிக்கொண்டேன்.

சிக்னல். சிவப்பு.
பக்கத்தில் ஒரு ஸ்கோடா, உள்ளே தொப்பிப் பையன்,
என் சக்கரங்களைப் பார்க்கிறான்,
உறுமுகிறான், மறுபடி உறுமுகிறான்.
இங்கே இன்னும் இரண்டு விளக்குகள் எரிகின்றன.
நான் வைப்பரைப் போடுகிறேன்.
பச்சை.
அவன் ஜெயித்துவிட்டுப் போகிறான்.
நாளைக்கு நண்பர்களிடம் சொல்வான், சொல்லட்டும்.

ஃப்ரீடெக் தாண்டியாயிற்று.
எதிரே பெஸ்கிடி மலை, முதுகில் பழைய பனி.
ஏழு மணிக்கு வெள்ளைக் கோட்டு,
யாரோ ஒருவரின் ஹீமோகுளோபின்.
கடைசி விளக்கு
எப்போது அணைந்ததென்று பார்க்கவில்லை.
ஜன்னலை இறக்குகிறேன்.
இரண்டாம் கியர்.

நாலாயிரம்.